பட்டியலில் இல்லாத கல்

மருதம்மாள் எதையெல்லாம் வென்றாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் கதைக்காகச் சேர்த்தது என்று நினைப்பவர்கள் இருப்பார்கள்.

ஆயாக்கள் துடைப்பத்தோடு மட்டுமே நுழையலாம் என்றிருந்த ஆஸ்பத்திரிச் சோதனை அறையில், உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலி வாங்கினாள். மனிதர் வயிற்றில் விளையும் கல்லில் எது எந்த வகை என்று, ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாமலே சோதித்துச் சொன்னாள். ஜப்பான்காரன் காலத்தில் அவள் கையில் வந்துபோன கற்கள் அறுபத்து மூன்று. ஒன்றே ஒன்றில் தவறினாள். அந்தத் தவறையும் தானே கண்டுபிடித்துத் தானே போய்ச் சொன்னாள். படித்தவர்கள் எழுதி மாட்டிய பட்டியலில் ஐந்து வகைதான் இருந்தது. ஆறாவது ஒன்றை இவள் கண்டாள். மயக்க மருந்து தீர்ந்துபோன நாளில் மூன்று ஆண்களின் வயிற்றில் கத்தி படாமல் காத்தாள். அந்த மூவரில் ஒருவன் அவள் கூடப் பிறந்த அண்ணன்.

இவற்றில் எதற்கும் மாலை விழவில்லை. மேடையும் போடவில்லை. நடந்தது நடந்தபடி இதுதான்.

மலாய் நாட்டில், புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒன்பதாம் நம்பர் லயம் என்னும் கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவள் மருதம்மாள். அண்ணன் அய்யாவு ஐந்து வயது மூத்தவன். வீட்டில் ஒரு சிலேட்டும் ரப்பர் பால் எடுக்க ஒரு வாளியும் இருந்தன. சிலேட்டு அண்ணன் கைக்குப் போனது, வாளி தங்கை கைக்கு வந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. அது பாட்டுக்கு அப்படி ஆயிற்று. அய்யாவு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்து, பிறகு ரப்பர் ஸ்டோரில் பால் உறைய வைக்கும் தொட்டி வேலைக்குப் போனான். மருதம்மாளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். இருபதாவது வயதில், திகாம் பத்து ரோட்டில் ஐந்து தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள்.

முப்பத்திரண்டு கட்டில் கொண்ட அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். கல் நோய்தான் அவருக்குப் பிடித்தமான நோய். நாள் முழுக்க வேர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்குக் கல் வருவது சாதாரணம். வெளியே வந்த கல்லையும் வெட்டி எடுத்த கல்லையும் பொடி செய்து, அது என்ன சரக்கு என்று பார்த்துச் சொல்வதற்கு முருகையா என்று ஒரு சோதனைக்காரர் இருந்தார். அவர் பயன்படுத்திய கண்ணாடிக் குழாய், பீங்கான் தட்டு, கரண்டி எல்லாம் கழுவுவது மருதம்மாளின் வேலை. ஒன்பது வருஷம் கழுவினாள். கழுவக் காத்து நிற்கிறவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்த்தாள்.

பாட்டில்களின் பெயரை அவளால் படிக்க முடியாது. அதனால் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். கண்ணாடி மூடியைத் திறந்தால் புகை கிளம்பும் திராவகம் ‘புகைவான்’. திறந்தவுடன் கண்ணில் நீர் முட்ட வைக்கும் அம்மோனியா ‘அழுகை’. சுண்ணாம்புக் கல்லில் பட்டால் மஞ்சள் மண்டி இறக்குவது ‘மஞ்சக்காரி’. எது எந்தத் தட்டில், எத்தனையாவதாக நிற்கிறது என்பது அவள் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

நாற்பத்தொன்று டிசம்பரில் சண்டை வந்தது. டாக்டர் லாரியில் தெற்கே போனார். அவரோடு போன முருகையா திரும்பவில்லை. மிஞ்சியவர் டிரஸ்ஸர் பரஞ்சோதி. காயம் கட்டுவதிலும் ஊசி போடுவதிலும் கெட்டிக்காரர். முழுக்கைச் சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து உடுத்துவார். மரவள்ளி மாவிலும் கஞ்சி வரும் என்று சண்டைக் காலத்தில் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் சோதனை அறை அவருக்குப் பழக்கமில்லை. சுவரில் டாக்டர் மாட்டிய பட்டியலைப் படித்துப் படித்துச் செய்து பார்ப்பார்.

ஒரு நாள் காலை, பீங்கான் தட்டில் கல்பொடியைப் போட்டுத் திராவகம் விட்டு விளக்கில் காய்ச்சிக்கொண்டிருந்தார். மருதம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, விளக்கத் தள்ளி வைங்க. கருகிருச்சு.”

“என்ன கருகிருச்சு? நீ தரையப் பாரு.”

“தரை தன்னால காயும்ங்க. தட்டுதான் காயக்கூடாது. ஓரம் லேசா செவக்கிறப்பவே முருகையா எறக்கிருவாரு. ஆற வச்சுத்தான் அழுகைய ஒரு சொட்டு விடுவாரு.”

“எதை?”

“அதாங்க, தொறந்தா கண்ணுல தண்ணி வருமே, அந்தப் பாட்டிலு.”

பரஞ்சோதி தட்டைப் பார்த்தார். கரி. இவளைப் பார்த்தார்.

“அப்ப நீயே செய்யேன், பார்ப்போம். தப்பாப் போச்சுன்னா?”

“தப்பாப் போனா மறுபடியும் தரையத் துடைக்கிறேன்ங்க. அதுக்குத்தானே வச்சிருக்கீங்க.”

அவள் செய்தாள். ஓரம் சிவந்ததும் இறக்கினாள், ஆற விட்டாள், அழுகையில் ஒரு சொட்டு. நாவல்பழம் பிழிந்ததுபோல் தட்டு முழுக்க ஊதா நிறம் ஓடியது. பரஞ்சோதி வராந்தாவில் கிடந்த முக்காலியைத் தூக்கி வந்து மேசைக்கு முன்னால் போட்டார்.

அந்த ஊதா நிறத்துக்கு அப்போது ஓர் உயிரின் விலை. ஊதா வந்தால், அது புளித்த ரத்தத்தில் விளையும் கல். ஆப்பச் சோடாவும் நிறையத் தண்ணீரும் கொடுத்தால் கரைய வழியுண்டு. மற்ற நான்கு வகை சோடாவுக்கு அசையாது. அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டுவதற்குத் தெற்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மாதம் இரு முறை லாரி வரும். அங்கே மயக்க மருந்து தீர்ந்து போயிருந்தது. நான்கு பேர் பிடித்துக்கொள்ள வெட்டினார்கள். இந்த ஆஸ்பத்திரியிலிருந்து அப்படிப் போன நான்கு பேரில் மூன்று பேர் வீடு திரும்பவில்லை.

மருந்துக் கப்பல் எதுவும் வராத காலம். புகைவான் தீர்ந்தபோது, சுங்கை பட்டாணியில் தங்கம் உரைத்துப் பார்க்கும் பத்தரிடம் போய் ஒரு சீசா வாங்கி வந்தாள். தங்கத்தைச் சோதிக்கிற அதே திராவகம்தான். அழுகை தீர்ந்தபோது அண்ணன் இருந்தான். பால் உறையாமல் இருக்க ஊற்றும் அம்மோனியா, உறைய வைக்க ஊற்றும் புளித் திராவகம் இரண்டும் ஸ்டோரில் சும்மா கிடந்தன. ரப்பரை வாங்க ஆள் இல்லை, பால் வெட்டு நின்றுபோயிருந்தது.

“ரப்பருக்கு ஊத்தினத மனுசன் கல்லுக்கு ஊத்துறியாக்கும்?” என்பான் அய்யாவு, சீசாவை நீட்டிக்கொண்டே.

“ரெண்டும் மரத்துலருந்தும் மனுசன்லருந்தும் வடியிறதுதானேண்ணே.”

ஜப்பான்காரன் வருஷக் கணக்கில் அது 2603; நமக்கு 1943. ஆஸ்பத்திரிக் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டியது, பழைய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடியது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போனதில் லயத்தில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஜூலைக் கடைசியில் மேலதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். இரண்டு காரியம் செய்துவிட்டுப் போனார். ஒன்று, சோதனைத் தாளில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் கைநாட்டு இருக்கக் கூடாது, பெயர் எழுதிக் கையெழுத்துத்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு. கைநாட்டு இருந்த பழைய தாள்கள் ஆறு திரும்பி வந்தன. அவற்றில் பரஞ்சோதி தன் கையெழுத்தைப் போட்டு மறுபடி அனுப்பினார். இரண்டாவது, அலமாரி அலங்கோலமாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு சிப்பாயை விட்டுப் பாட்டில்களை உயர வரிசையில் அடுக்க வைத்தார். பெரியது இடப்பக்கம், சின்னது வலப்பக்கம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் ஏழு, சனிக்கிழமை, ராமையா வந்து படுத்தான். ஒன்பதாம் லயத்துக்காரன். விலாவில் குத்து வலி, சிறுநீரில் ரத்தம், அடியில் பால் வெள்ளையாக மணல். மருதம்மாள் அந்த மணலைக் கழுவி உலர்த்திச் சோதித்தாள். கரண்டியில் சுட்டாள், தண்ணீர் விட்டாள், ஸ்டோர்த் திராவகம் ஒரு சொட்டு விட்டாள். பொங்கி நுரைத்தது. சுட்டபின் நுரைக்கிற கல் முரட்டுக் கல், வெட்ட வேண்டியது. சொன்னாள். பரஞ்சோதி எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அதே லயத்திலிருந்து வீரசாமி. அதே வலி, அதே மணல் என்பதால் தனியாகச் சோதிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பாப்பம்மா தள்ளுவண்டியில் தன் புருஷனைக் கொண்டுவந்தாள். அய்யாவு உடம்பைச் சுருட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கிடந்தான்.

“பொம்பளை புள்ளை பெக்குறப்ப இப்படித்தான் வலிக்குமா?” என்று தங்கையைப் பார்த்துக் கேட்டான்.

“எனக்கெப்படித் தெரியும்? அண்ணியக் கேளு.”

“நான் மூணு பெத்தேன், இப்படி ஒரு தடவகூடக் கத்தல,” என்றாள் பாப்பம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. பரஞ்சோதி வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “வியாழக்கிழமை பகல் லாரி வருது. மூணு பேரும் போறாங்க.”

மருதம்மாள் அண்ணனின் மணலை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து உலர்த்தினாள்.

செவ்வாய்க்கிழமை சோதித்தாள். நுரைத்தது. முரட்டுக் கல்தான். கரண்டியைக் கழுவி, தண்ணீர் விட்டு அலசினாள். கறை போகட்டும் என்று திராவகம் ஒரு சொட்டு விட்டாள். அப்போதும் நுரைத்தது.

கரண்டியில் ஒன்றும் இல்லை. வெறும் கரண்டி.

முக்காலியில் உட்கார்ந்து அந்த நுரை அடங்கும் வரை பார்த்தாள். பிறகு தண்ணீர் என்று நினைத்து எடுத்த பாட்டிலைக் கையில் எடுத்து ஒரு துளி நாக்கில் வைத்தாள். வழவழப்பு, உவர்ப்பு. சோடாத் தண்ணீர். இரண்டு பாட்டிலும் ஒரே உயரம், ஒரே நிறம். சிப்பாய் அடுக்கியபோது தண்ணீரின் இடத்துக்குச் சோடா வந்துவிட்டது. சோடாவில் திராவகம் பட்டால் நுரைக்காமல் என்ன செய்யும்? கல் நுரைக்கவே இல்லை. ராமையாவுக்குச் சொன்னது தப்பு.

நேரே போய்ச் சொன்னாள். பரஞ்சோதி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தப்புன்னா? நான் தாள்ல எழுதியாச்சே, மருதம்மா!”

“அடிச்சிருங்கய்யா. இன்னொரு தடவ பார்க்கணும்.”

“உன் அண்ணன் வந்து படுத்த உடனே தப்பு தெரியுதோ?”

அது அவளைச் சுட்டது. ஆனாலும் நியாயமான கேள்வி என்றுதான் தோன்றியது. சோதனை அறைக்குத் திரும்பினாள்.

இனி கை சொல்வதை நம்ப முடியாது. முருகையா போகும்போது விட்டுப்போன தகரப் பெட்டியில் பழைய கற்கள் சின்னச் சின்ன டப்பிகளில் இருந்தன; எது எது என்று அவளே டப்பி மூடியில் ஆணியால் கோடு கிழித்து வைத்திருந்தாள். ஒரு கோடு ஊதாக் கல், இரண்டு கோடு நுரைக்கல், மூன்று கோடு மஞ்சள் கல். ஒவ்வொரு பாட்டிலையும் தெரிந்த கல்லில் விட்டுப் பார்த்தாள். ஊதா வர வேண்டிய இடத்தில் ஊதா வந்தால்தான் அது புகைவான். வந்த பிறகே அந்தப் பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டினாள். வெறும் கரண்டியிலும் ஒரு தடவை விட்டுப் பார்த்தாள். பதினொரு பாட்டில். மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு அண்ணனின் மணல்.

ஊதா வரவில்லை. மஞ்சள் வரவில்லை. நுரைக்கவில்லை. கரண்டியில் சுட்டால் சாம்பல்கூட மிஞ்சாமல் எரிந்தது. எரியும்போது ஒரு நாற்றம் வந்தது. முடி கருகியதுபோல், அழுகிய முட்டைபோல். அழுகையில் போட்டால் சர்க்கரைபோல் கரைந்தது. ராமையாவின் மணலும் அப்படியே. வீரசாமியின் மணலும் அப்படியே.

பரஞ்சோதி சுவரில் இருந்த பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தார். “அஞ்சாவது வகை. எரிஞ்சு போகும், கந்தக நாத்தம் வரும், அம்மோனியாவுல கரையும். அதான் இது. பரம்பரைக் கல்லு. வெட்டித்தான் ஆகணும்.”

“அது ஆறு மூலைங்கய்யா.”

“என்ன ஆறு மூலை?”

ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு முறை அந்த ஐந்தாம் வகை வந்திருந்தது. முருகையா கரைசலைக் கண்ணாடியில் உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, ‘நீயும் பார்’ என்று கூப்பிட்டுக் காட்டினார். தேன்கூட்டு அறைபோல் ஒவ்வொன்றும் ஆறு மூலைத் தகடு. மருதம்மாள் அதை மறக்கவில்லை. மணல் கரைந்த அழுகையை ஒரு கண்ணாடித் துண்டில் விட்டு, ஜன்னல் வெயிலில் வைத்திருந்தாள். டாக்டர் கீறல் விழுந்தது என்று விட்டுப்போன பழைய மைக்ராஸ்கோப்பில் புதன்கிழமை காலை வைத்துப் பார்த்தாள். டிரஸ்ஸரையும் பார்க்கச் சொன்னாள்.

ஊசி. வைக்கோல் கட்டு அவிழ்ந்து கிடப்பதுபோல் கொத்துக் கொத்தாக வெள்ளை ஊசி. மூலையே கிடையாது.

“இது பட்டியல்ல இல்ல,” என்றார் பரஞ்சோதி.

“இல்லைங்க.”

“பட்டியல்ல இல்லாத கல்லுன்னு ஒண்ணு எப்படி இருக்கும்?”

“பட்டியல் எழுதினவருக்கு வராத கல்லா இருக்கும்ங்க.”

பரம்பரைக் கல் என்றால் மூவரும் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும். ராமையா வேறு ஊர்க்காரன் மகன், வீரசாமி வேறு. ஒரே லயம், ஒரே கிணறு. கிணறுதான் காரணம் என்றால் பெண்களும் குழந்தைகளும் குடித்த தண்ணீர்தானே அது. மூவரும் ஆண்கள். ஆண்களுக்கு மட்டும் வருகிற கல் எது?

அண்ணனின் மூத்திரச் சட்டியை எடுத்துக் கொட்டப் போனாள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. கரண்டியில் எரிந்தபோது வந்த அதே நாற்றம். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். பாப்பம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, போன வாரம் என்ன சமைச்சீங்க?”

“என்னத்தச் சமைக்கிறது? ஊப்பிக்கெழங்கு. கீரை. அரிசிய மோந்து பார்த்தே ரெண்டு மாசமாச்சு.”

“வேற?”

“உங்கண்ணன் ஆத்தோரம் ஒரு மரத்தக் கண்டுபிடிச்சு ஒரு சாக்குக் கொட்டை கொண்டாந்தாரு. வட்டமா, தட்டையா, பழுப்புத் தோலு. மலாய்க்காரங்க திங்கிறதுதான், ஜெரிங்குன்னு. பெரிய பொதையல் எடுத்த மாதிரி ராமையா வீட்டுக்கும் வீரசாமி வீட்டுக்கும் பங்கு குடுத்தாரு. மொச்சக்கொட்டை மாதிரி அவிச்சு, உப்புப் போட்டு, தேங்கா துருவி வச்சேன்.”

“நீங்க தின்னீங்களா?”

“ரெண்டு வாயி. நாத்தம் புடிக்கல. புள்ளைங்க தொடவே இல்ல. ஆம்பளைங்க பசியா இருப்பாங்கன்னு எங்க பங்கையும் அவங்க தட்டுலதான் போட்டோம். மூணு வீட்லயும் அப்படித்தான்.” பாப்பம்மா நிறுத்தினாள். “ஏன்டி? அதுவா?”

மருதம்மாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்காரர் கம்பத்துக்கு, அவர்கள் கிராமத்துக்கு, நடந்தாள். கீரை விற்கும் மலாய்க்கார அம்மா ஒருத்தி அங்கே இருந்தாள். தோட்டத்துத் தமிழும் மலாயும் கலந்து பேசுவாள். மருதம்மாள் கேட்டதும் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“பிங்கான் நெறைய? சத்து பிங்கான்? ஒரு முழுத் தட்டா? அல்லா! நாங்க ரெண்டு கொட்டை, மூணு கொட்டை, சோத்துக்குத் தொட்டுக்க. அதுகூடப் பச்சையா இல்ல. மண்ணுல பொதைச்சு, மொளை விட்டப்பறம்தான். தமிழாளுங்க சட்டி நெறைய அவிச்சா தின்னீங்க?”

“தெரியாம.”

“மூத்திரம் அடைக்கும். ரத்தம் வரும். நெறைய்ய தண்ணி குடுக்கணும். சாம்பத் தண்ணி தெளிய வச்சுக் குடுப்போம்.”

சாம்பல் தண்ணீர் என்றால் காரம். காரம் என்றால் சோடா. அழுகையில் கரைந்த மணல் சோடாவிலும் கரைய வேண்டும். மருதம்மாள் திரும்பி வரும் வழியில் ஒன்பதாம் லயத்துக்குப் போய், சாக்கில் மிஞ்சியிருந்த கொட்டையில் நான்கை எடுத்துவந்தாள்.

வியாழக்கிழமை காலை, பரஞ்சோதியை நிற்க வைத்துச் செய்து காட்டினாள். ஒரு கரண்டியில் அண்ணனின் மணல். ஒரு கரண்டியில் ஜெரிங் சீவல். இரண்டையும் சுட்டாள். ஒரே நாற்றம். பரஞ்சோதி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு குழாயில் மணலைப் போட்டு ஆப்பச் சோடா கரைத்த வெந்நீர் விட்டு ஆட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக மணல் குறைந்து, அடி தெரிந்தது.

“ஐயா, உங்க அலமாரியில அரை டின் சோடா இருக்கு. குடுங்க. மூணு பேருக்கும் தண்ணி குடுக்கணும். பகல்ல லாரி வந்துரும்.”

பரஞ்சோதி அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“குழாய்ல கரையுது, சரி. ஆனா உள்ள நெஜமாவே ஒரு கல்லு அடைச்சிருந்துச்சுன்னா? அடைச்சுக் கெடக்கிறவனுக்குச் சட்டி சட்டியாத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? உள்ளயே வெடிச்சிரும். லாரியில போனாலாவது நாலுல ஒருத்தன் பொழைக்கிறான்.”

“தெரியும்ங்க.”

“லாரிய வெறுங்கையா அனுப்பணும்னா தாள் வேணும். நான் எழுதுறேன். நீ சொல்றத ஒரு வார்த்த மாத்தாம எழுதுறேன். ஆனா ‘சோதித்தவர்’ங்கிற எடத்துல என் கையெழுத்து விழாது, மருதம்மா. நான் சோதிக்கல. சனிக்கிழம நீ சொன்னத நம்பி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அது தப்பாப் போச்சு.”

“கைநாட்டு வைக்கிறேன்ங்க.”

“கைநாட்டுதான் திரும்பி வருதே.”

அவர் கோழை இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. தாளை எழுதினார், பென்சிலால் அல்ல, மையால். மூன்று பேர் பெயர், மணலின் நிறம், ஒவ்வொரு சோதனையும் அதன் முடிவும், கடைசியில் ‘வெட்ட வேண்டியதில்லை’. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

மருதம்மாள் தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் கட்டிலுக்குப் போனாள். அவன் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. என்ன நடந்தது என்று நாலே வார்த்தையில் சொன்னாள்.

“பென்சில் இருக்கா?” என்றான் அய்யாவு.

காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினான். ஒரு எழுத்து எழுதுவான், வலி வந்ததும் நிறுத்துவான், பல்லைக் கடிப்பான், அடுத்ததை எழுதுவான். ஆறு எழுத்து எழுத அவ்வளவு நேரம் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில்கூட ஆனதில்லை.

“என் கை நடுங்குது. நீயும் நடுங்கின மாதிரியே எழுதிராத. நேரா எழுது.”

“இதுல எது தலை, எது காலு?”

“இந்தக் கோணல் ஆணி மேல போகணும். இது வளையணும், பால் வாளி கைப்பிடி மாதிரி.”

அவள் முழங்காலிட்டு, கட்டில் ஓரத்தில் அட்டையை வைத்துப் பார்த்து எழுதினாள். முதல் தடவை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மூன்றாவது தடவை விலகி நின்றன. ஏழாவது தடவை அய்யாவு, “இது நீதான்,” என்றான்.

மைப்பேனாவைக் கையில் எடுத்தபோது அவள் நிறுத்தினாள்.

“அண்ணே, வெறும் கரண்டி நுரைச்சப்ப நான் பார்க்காம விட்டிருந்தா, உன்னை முரட்டுக் கல்லுன்னு எழுதி அனுப்பியிருப்பேன். இப்பவும் எதையாச்சும் பார்க்காம விட்டிருந்தா?”

“பாட்டில் பாட்டிலா மறுபடி பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“வெறும் கரண்டியும்?”

“அதையும் பார்த்தேன்.”

“அப்பறம் என்ன. தப்பா இருந்தா வந்து கேக்குறதுக்கு நான் இருக்க மாட்டேன்லா. போடு.”

பாப்பம்மா இரண்டு பேரையும் திட்டினாள். மருதம்மாள் கோட்டின் மேல் பேனாவை வைத்தாள்.

பரஞ்சோதி தாளை வாங்கிப் பார்த்தார். தேதியைப் பக்கத்தில் எழுதினார். பிறகு அலமாரியைத் திறந்து சோடா டின்னை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மணிக்கு ஒரு தடவை, ஒரு குவளை வெந்நீரில் இரண்டு சின்னக் கரண்டி. தோக்கியோ மணி பன்னிரண்டரைக்கு லாரி வந்தது. மூன்று ஆள் என்றார்களே என்று டிரைவர் கேட்டார். பரஞ்சோதி ஒரு பிரதியை அவரிடம் நீட்டி, “ஆள் இல்ல, தாள்தான்,” என்றார். லாரி போன பிறகு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அவர் சட்டை முதுகில் கஞ்சியெல்லாம் வேர்வையில் கரைந்திருந்தது.

சாயங்காலம் ராமையாவுக்குச் சிறுநீர் திறந்தது. அதற்கு ஒரு மணி பிந்தி வீரசாமிக்கு. அய்யாவுக்குத் திறக்கவில்லை. ஏழு குவளை உள்ளே போயிருந்தது, வயிறு தம்பட்டம் மாதிரி இருந்தது. மருதம்மாள் எட்டாவது குவளையைக் கலக்கிக்கொண்டு நின்றாள். கொடுக்கவா வேண்டாமா என்று டிரஸ்ஸரைக் கேட்கவில்லை. கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை, காகம் கத்துகிற நேரத்தில், அய்யாவு சட்டியைக் கேட்டுக் கத்தினான். சட்டி நிறைந்தது. முதலில் சிவப்பு, பிறகு கலங்கல், பிறகு கலங்கலும் குறைந்தது. பத்து நாளில் மூன்று பேரும் நடந்தே ஒன்பதாம் லயத்துக்குப் போனார்கள். மிஞ்சியிருந்த கொட்டையைப் பாப்பம்மா மண்ணில் புதைத்தாள். முளை விட்டும் அவள் அதைத் தோண்டவில்லை. அது இப்போது மரம்.

சுவரில் இருந்த பட்டியலில் ஐந்தாம் வரிக்குக் கீழே பரஞ்சோதி தன் கையால் ஆறாவது வரி ஒன்று எழுதினார். பாட்டில்களை உயர வரிசையிலிருந்து பழைய இடத்துக்கே மாற்றி வைக்கவா என்று மருதம்மாளைக் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பாட்டிலின் மேலும் ஒட்டியிருந்த எழுத்தை அண்ணனிடம் காட்டி, அது என்ன என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பதினொன்றுக்கும் ஆறு வாரம் பிடித்தது.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது பழைய தாள்களையெல்லாம் எரித்தார்கள். ஆஸ்பத்திரிப் பிரதியை அய்யாவு பரஞ்சோதியிடம் கேட்டு வாங்கி, கல்யாணப் பத்திரமும் குடியுரிமைக் காகிதமும் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்தான். மடிப்பில் கிழியாமல் இருக்க நடுவில் துணி ஒட்டியிருக்கிறது. அடியில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் ஆறு எழுத்து. கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கியிருக்கும். கட்டில் சட்டம் சரிவு, அதனால்தான் என்று அய்யாவு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். பக்கத்தில் பரஞ்சோதியின் சாய்ந்த கையெழுத்தில் தேதி: 2603, எட்டாம் மாதம், பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை.